கேரட்டுக்கு வைத்த செய்வினை

அரவேணு பஜாரில் அந்த மாதம் கால் கழுவாத ஆளே கிடையாது. யாரும் வீட்டில் கழுவவில்லை. கல்யாண மண்டபத்துக்கு வந்து, வரிசையில் நின்று, காணிக்கை வைத்துக் கழுவினார்கள். கோத்தகிரியிலிருந்து மினி பஸ்ஸில் வந்தார்கள். குன்னூரிலிருந்து கார் வைத்து வந்தார்கள். முன்னால் நிற்பவனின் முதுகு தெரியாத அளவுக்குப் பனி இறங்கிய காலையிலும், முன்னால் நிற்பவனை நம்பியே வரிசை நின்றது. தோட்டத்தில் அரை நாள் லீவு கேட்டவர்களிடம் மேஸ்திரி காரணம் கேட்டார். "பாவம் எடுக்கப் போறமுங்க" என்றார்கள். மேஸ்திரியும் கூடவே கிளம்பி வந்துவிட்டார். அவரிடமும் சரக்கு இருந்தது போலிருக்கிறது.

பாவத்தை எடுத்துக் கொண்டிருந்தவர் பசுமைச் சித்தர் ஜலஜோதி அடிகள். அவ்வளவு நீளம் யார் வாயிலும் நுழையாததால் ஊர் அவரை ஹைட்ரஜன் அடிகள் என்றது. இடுப்பில் பச்சை வேட்டி. அதற்கு மேல் டாக்டர்கள் போடும் வெள்ளைக் கோட்டு. மேலே பார்த்தால் விஞ்ஞானி, கீழே பார்த்தால் சாமியார். எந்தப் பக்கம் நம்பிக்கை உள்ளவரோ அந்தப் பக்கம் பார்த்துக் கொள்ளலாம்.

முறை ரொம்பச் சுலபம். ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அதில் வெதுவெதுப்பான தண்ணீர். உதவியாளர் சசிதரன் ஒரு கை உப்பு போடுவார். தொட்டியின் ஓரத்தில் தங்க நிறத்தில் மின்னும் இரண்டு தண்டுகள் செருகியிருக்கும். "இது பஞ்சலோக அலாய் மின்முனை. சித்தர்கள் ஃபார்முலா" என்பார் அடிகள். தண்டுகளிலிருந்து ஒயர் போய் ஒரு பெட்டியில் சேரும். பெட்டியில் கரண்டைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ். பக்தர் காலை வைத்தவுடன் சசிதரன் குமிழைத் திருகுவார். ஒரு தண்டிலிருந்து குமிழி குமிழியாகக் காற்று வரும். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மஞ்சளாகும், பழுப்பாகும், கடைசியில் சாக்கடை மாதிரி நுரைத்து மேலே ஏடு கட்டும்.

"பாருங்க. உள்ளங்கால் வழியா இறங்குது. கழிவு, தோஷம், செய்வினை எல்லாம் இதுல இருக்கு."

சிலுவை போட்டவர் வந்தால் செய்வினை என்ற சொல் சாத்தான் என்று மாறும். கணினிக் கம்பெனிக்காரர் வந்தால் டாக்ஸின் என்று மாறும். தண்ணீரின் நிறம் மட்டும் மாறாது.

பிறகுதான் உச்சக்கட்டம். குமிழி வரும் தண்டின் மேல் ஒரு கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்துக் காற்றைப் பிடிப்பார்கள். குழாயின் அடியில் ஒரு பச்சை பல்பு எரியும். பசுமை ஹைட்ரஜன் என்றால் பச்சையாக இருக்க வேண்டாமா? அடிகள் தீக்குச்சியைக் கிழித்துக் குழாய் வாயில் காட்டுவார். 'பொக்' என்று ஒரு சத்தம் வரும்.

"உங்க தோஷம் வெடிச்சிருச்சு. போய்ட்டு வாங்க."

மண்டபமே கன்னத்தில் போட்டுக் கொள்ளும். பின்கட்டில் டீசல் ஜெனரேட்டர் ஒன்று கரும்புகை கக்கிக் கொண்டு இந்தப் பசுமைக்கெல்லாம் மின்சாரம் கொடுத்துக் கொண்டிருந்ததை யாரும் கண்டுகொள்ளவில்லை.

இந்தக் கூட்டத்தை ஒழுங்குபடுத்திக் கொண்டு, ஸ்வெட்டரில் பச்சை பேட்ஜ் குத்திக் கொண்டு, வரிசையில் இடையில் நுழைபவர்களை அதட்டிக் கொண்டிருந்தவர் தனசிங். எஸ்டேட் ஆபீஸில் தலைமை கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். சர்ச் சபைக் கமிட்டி உறுப்பினர். குறி, தாயத்து, மந்திரித்த தகடு என்றால் மூக்கைச் சுளிப்பார். "அதெல்லாம் படிக்காதவங்க சமாச்சாரமுங்க" என்பார். ஆனால் ஒயர் இருந்தால் நம்பிவிடுவார். அவர் மூளையில் இருந்த ஓட்டை அதுதான். விபூதியைக் கண்டால் விலகி நடக்கிற மனிதர், மீட்டர் முள் ஆடுவதைக் கண்டால் கைகூப்பிவிடுவார்.

அந்த ஓட்டை எந்த அளவு என்று அடிகள் முதல் நாளே பார்த்து வைத்திருந்தார். தனசிங்கின் மகள் ரேச்சல் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை செய்கிறாள். தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் பிரிக்கும் மின்முனைக்கு உலோகக் கலவை செய்வது அவள் ஆராய்ச்சி. அது என்னவென்று தனசிங்குக்குத் தெரியாது. "தண்ணியில கரண்ட் வுடறா" என்று சபையில் பெருமையாகச் சொல்வார், அவ்வளவுதான். ஹார்டுவேர் கடை கணேசன் இதை அடிகள் காதில் போட்டிருந்தார்.

"உங்க பொண்ணு சயின்டிஸ்டாமே" என்றார் அடிகள். "அவங்க லேப்ல தேடுறதை நான் தியானத்துல எடுத்தேன். ரெண்டு பேரும் ஒரே லைன்தான் சார். நீங்கதான் இங்க ஒருங்கிணைப்பாளரா இருக்கணும்."

பேட்ஜ் குத்தப்பட்டது. அன்றிலிருந்து தனசிங் காய்கறி வாங்கப் போனாலும் அது ஸ்வெட்டரில் இருந்தது.

அவருடைய காலுக்கும் சிகிச்சை நடந்தது. தண்ணீர் லேசான மஞ்சளோடு நின்றுவிட்டது. அடிகள் கண்ணை மூடித் திறந்தார். "சுத்தமான ஆத்மா சார் நீங்க" என்றார். தனசிங்குக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. தன்னைப் பற்றி அவர் அப்படித்தான் நினைத்து வந்தார். கருவி அதை உறுதி செய்தது, அவ்வளவுதான்.

மறுநாள் மனைவி தபித்தாளைக் கூட்டி வந்தார். அவளுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. செருப்பு கடித்து, வலது கால் பெருவிரலில் ஒரு புண் ஆறாமல் இருந்தது. அவள் கால் பட்ட தண்ணீர் கருகருவென்று ஆனது. ஏடு தொட்டியின் விளிம்பு வரை வந்தது. மண்டபம் மூச்சு விடாமல் பார்த்தது.

"ரொம்ப வருஷமா உள்ள அமுங்கிக் கிடக்கு" என்றார் அடிகள். "ஊசியும் மாத்திரையும்தான் அமுக்கி வச்சிருக்கு. ரெண்டையும் நிறுத்துங்க, நான் வெளிய எடுக்கறேன். அப்புறம், உங்க அடுப்படி வரைக்கும் வந்து போற பொம்பள ஒருத்தி இருக்காளா?"

எந்த வீட்டு அடுப்படிக்குத்தான் யாரும் வருவதில்லை? தனசிங் வீட்டுக்கு வீரம்மா வருவாள். இலங்கையிலிருந்து வந்து பந்தலூர்ப் பக்கம் குடியேறிய குடும்பத்தில் பிறந்தவள், கட்டிக் கொடுத்து அரவேணு வந்தவள். தபித்தாளுக்கு உடம்பு முடியாத நாளில் ரசம் வைத்துக் கொடுப்பாள், காலுக்கு மருந்து கட்டிவிடுவாள். அன்று சாயங்காலம் தனசிங் அவளைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்.

"இனிமே வர வேண்டாம் வீரம்மா."

"ஏன் ஐயா, நான் என்ன செஞ்சன்?"

"அது கருவியில தெரிஞ்சு போச்சு" என்றார் தனசிங்.

ஊசி ஃபிரிட்ஜிலேயே கிடந்தது. மாத்திரை டப்பா அலமாரி மேலே போனது. தபித்தாள் வாரத்தில் பாதி நாள் தொட்டியில் கால் வைத்தாள். ஒவ்வொரு முறையும் தண்ணீர் கறுத்தது. ஒவ்வொரு முறை கறுத்தபோதும் தனசிங்குக்கு மனைவி மேல் ஒரு சந்தேகம் வளர்ந்தது. இத்தனை வருஷம் கூடவே இருந்தவளுக்குள் இவ்வளவு அழுக்கு எங்கே இருந்தது?

"தபித்தா, எங்கிட்ட ஏதாச்சும் மறைச்சு வெச்சிருக்கறயா?"

அவள் யோசித்தாள். "உங்க நீல ஸ்வெட்டர வெந்நியில போட்டுச் சுருக்கிட்டனுங்க. தொலைஞ்சு போச்சுன்னு சொன்னேன்."

"அதுக்கு இத்தன கறுப்பு வராது" என்றார் தனசிங், முழு நம்பிக்கையோடு.

ஒரு வாரம் கழித்து அவள் சொன்னாள். "ஏனுங்க, புண்ணு இப்ப வலிக்கறதே இல்லீங்க."

"பார்த்தயா? கொணமாகுது." அன்றைக்கே மண்டபத்தில் மைக்கைப் பிடித்து அதை அறிவித்தார். கூட்டம் கை தட்டியது. வலி போய்விட்டது என்பதற்குக் கை தட்டினார்கள். வலி எங்கே போனது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டது வீரம்மாதான். வேலிக்கு வெளியே நின்று தபித்தாள் கொல்லையில் நொண்டி நடப்பதைப் பார்த்தாள். விரல் கறுத்திருந்தது வேலியிலிருந்தே தெரிந்தது. அவள் ரேச்சலுக்குப் போன் செய்தாள். மண்டபத்தில் நடப்பதையும், தொட்டியையும் தண்டையும் பழுப்புத் தண்ணீரையும் விவரமாகச் சொன்னாள். தண்டு எந்த நிறம், தண்ணீர் எந்த நிறம் என்று ரேச்சல் திருப்பித் திருப்பிக் கேட்டாள். பிறகு, "நாளைக்கு வாறேன் வீரம்மாக்கா" என்றாள். போனை வைத்துவிட்டு ஆய்வக அலமாரியிலிருந்து இரண்டு தகடுகளை எடுத்துப் பையில் போட்டுக் கொண்டாள்.

சனிக்கிழமை வீட்டுக்குள் நுழைந்ததுமே வாடை அவளுக்குச் சொல்லிவிட்டது. அம்மாவின் காலைப் பார்த்தாள். வீரம்மாவைக் கூப்பிட்டாள், வண்டி பிடித்தாள், தபித்தாளைக் குன்னூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். விரல் அழுகிவிட்டது. எடுக்க வேண்டும். தள்ளிப் போட்டால் பாதம் போகும். அதற்கும் தள்ளிப் போட்டால் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது.

தனசிங் பின்னாலேயே வந்து சேர்ந்தார், பேட்ஜோடு.

"அடிகளக் கேக்காம கத்தி வெக்க வேண்டாம்" என்றார். "வலியே இல்லைங்கறா. கொணமாகிட்டிருக்கறதப் போயி வெட்டுவாங்களா?"

"வலி இல்லாதது நரம்பு செத்துப் போனதாலப்பா."

"நீ கம்பியப் பத்திப் படிச்சவ. அவரு ஒடம்பப் பத்தித் தெரிஞ்சவரு."

தபித்தாள் கட்டிலில் படுத்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பா சரின்னு சொல்லட்டும் கண்ணு" என்றாள்.

ரேச்சல் டாக்டரிடம் போய், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை பொறுக்க முடியுமா என்று கேட்டாள். ஊசி மருந்து ஏற்றிக் கொண்டிருக்கலாம், அதற்கு மேல் முடியாது என்றார். வீரம்மாவை அம்மாவோடு விட்டுவிட்டு, ஞாயிறு காலை ஆராதனை முடிகிற நேரத்தில் ரேச்சல் மண்டபத்துக்கு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். உட்கார இடமில்லை. மேடையில் அடிகள், பக்கத்தில் சசிதரன், படியில் தனசிங். மகளைப் பார்த்ததும் தனசிங் படியிறங்கி வந்தார். "மானத்த வாங்கிராத" என்று காதோரம் சொன்னார். அடிகளோ இரண்டு கைகளையும் விரித்தார்.

"வாங்க தங்கச்சி. நம்ம லைன்."

"ஒரு சின்ன சந்தேகமுங்க" என்றாள் ரேச்சல், மரியாதையாகத்தான். "யாரும் கால் வெக்காம ஒரு தடவ தொட்டிய ஓட்டிக் காட்டுவீங்களா?"

அடிகள் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "நோயாளியே இல்லாம ஆபரேஷன் பண்ணச் சொல்றாங்க." கூட்டமும் சிரித்தது. தனசிங்கும் சிரித்து வைத்தார்.

முன் வரிசையில் ஒரு அம்மாள் சந்தையிலிருந்து நேராக வந்திருந்தாள். அவள் பையிலிருந்து ரேச்சல் இரண்டு கேரட்டைக் கேட்டு வாங்கினாள். குழாயில் நன்றாகக் கழுவினாள். புதுத் தண்ணீர் ஊற்றிய தொட்டியில் கால் வைக்கும் இடத்தில் போட்டாள்.

"இப்ப நோயாளி வந்துட்டாருங்க. ஓட்டுங்க."

இந்தத் தடவை சிரிப்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது. சசிதரன் அடிகளைப் பார்த்தார். அத்தனை பேர் முன்னால் மறுக்க வழியில்லை. உப்பு விழுந்தது. குமிழ் திரும்பியது. குமிழி வந்தது. தண்ணீர் மஞ்சளானது, பழுப்பானது, ஏடு கட்டியது. ரேச்சல் குழாயைக் கவிழ்த்துக் காற்றைப் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டினாள். 'பொக்.'

"கேரட்டுக்கு யாருங்க செய்வினை வெச்சது?" என்றாள். "பக்கத்துப் பாத்தி பீட்ரூட்டா?"

மண்டபம் ஒரு கணம் ஆடிப் போனது. அடிகள் ஆடவில்லை. தொழிலில் பழுத்தவர்.

"பூச்சி மருந்து" என்றார் நிதானமாக. "கேரட்டுக்குள்ள இருக்கற விஷத்தையே என் தண்டு எடுக்குதுன்னா, மனுசன் எம்மாத்திரம்?"

"அட, ஆமாங்க" என்றார் ஒரு தோட்டக்காரர். "நாங்க மருந்து கொஞ்சம் சாஸ்தியாத்தான் அடிக்கறமுங்க." பின்னாலிருந்து ஒருவர், காய்கறியை மூட்டையோடு கொண்டு வந்தால் காணிக்கை எவ்வளவு என்று விசாரித்தார். தனசிங் நிமிர்ந்து நின்றார். ஏமாறுவது என்று முடிவு செய்துவிட்ட கூட்டத்துக்குச் சாட்சியெல்லாம் ஏமாற்றுகிறவனுக்கே சாட்சியாகிவிடும். கேரட் அன்றைக்கு அடிகள் கட்சியில் சேர்ந்துவிட்டது.

ரேச்சல் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கருங்கல்லை எடுத்து வந்து போட்டாள். அதற்கும் தண்ணீர் பழுப்பானது. "கல்லு ஒண்ணும் இல்லீங்க, இந்த மலைத் தண்ணியே கெட்டுப் போயிருக்கு" என்றார் அடிகள்.

"அப்ப கெட்டது தண்ணியில இருக்குதுங்க?"

"ஆமா."

"எந்தக் கம்பியப் போட்டாலும் வெளிய வரணுமில்லீங்க?"

"வரும். என் அலாய்ல வேகமா வரும்."

ரேச்சல் பையைத் திறந்து இரண்டு சாம்பல் நிறத் தகடுகளை எடுத்தாள். மினுக்கம் எதுவும் இல்லை. பழைய தோசைக்கரண்டித் துண்டு என்று சொன்னால் நம்பலாம்.

"ரெண்டு பேரும் ஒரே லைனுன்னு எங்கப்பாகிட்டச் சொன்னீங்களாம். இது எங்க லேப் அலாய். நிக்கல், இரும்பு, மாலிப்டினம் கலந்தது. இதையும் போட்டுப் பார்த்தரலாமுங்க. அதே குழாய்த் தண்ணி. அதே உப்பு, உங்க உதவியாளரு கையாலயே போடட்டும். அதே பெட்டி."

அடிகள் தான் விரித்த பாயில் தானே உட்கார வேண்டியதாயிற்று. ரேச்சல் அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க கால வைங்க."

தனசிங் தயங்கினார். ஆனால் சுத்தமான ஆத்மா அல்லவா? பயம் என்ன? காலுறையைக் கழற்றி, தொட்டியில் காலை வைத்து உட்கார்ந்தார். ரேச்சல் குமிழை முழுக்கத் திருகினாள். தகட்டிலிருந்து குமிழிகள் பொங்கி வந்தன, முன்பைவிட அதிகமாக. பிளீச்சிங் பவுடர் வாசம் லேசாக அடித்தது. "உப்புத் தண்ணியில குளோரின் கொஞ்சம் வருமுங்க, ஜன்னலத் தெறந்து வுடுங்க" என்றாள். குழாயில் காற்றைப் பிடித்துக் கொளுத்தினாள். 'பொக்', இன்னும் பலமாக.

தண்ணீர் மட்டும் அப்படியே இருந்தது. காத்திருந்தார்கள். முன்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள், பின்னால் இருந்தவர்கள் நாற்காலி மேல் ஏறினார்கள். தனசிங்கின் பெருவிரல் நகத்தில் இருந்த வெடிப்பு வரை தெளிவாகத் தெரிந்தது. பாவமும் இல்லை, பூச்சி மருந்தும் இல்லை. கெட்டுப் போனதாகச் சொன்ன மலைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது.

"இப்ப இதையே இவரு தண்டுல பார்க்கலாம்" என்றாள் ரேச்சல். அப்பாவை எழுப்பவில்லை. தகட்டை உருவி, தங்கத் தண்டுகளைச் செருகினாள். குமிழ் முழு அளவிலேயே இருந்தது. தண்ணீர் மஞ்சளானது. மஞ்சளில் நிற்கவில்லை. பழுப்பானது, கறுத்தது, தனசிங்கின் கணுக்காலைச் சுற்றி அழுக்கு ஏடு கட்டியது. தபித்தாளின் தொட்டியில் பார்த்த அதே கறுப்பு.

தனசிங் குனிந்து அதையே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்கிச் சசிதரனைக் கேட்டார்.

"அன்னைக்கு எனக்குக் குமிழ எதுல வெச்சிருந்தீங்க?"

சசிதரன் கூடலூர்க்காரர், பேச்சில் பாதி மலையாளம். அடிகளை ஒரு தரம் பார்த்தார், தரையை ஒரு தரம் பார்த்தார். "கொறச்சுத்தான் சாரே வெச்சது" என்றார்.

"என் சம்சாரத்துக்கு?"

"முழுசும்."

மனிதர் தன் ஆத்மாவின் சுத்தத்தை இத்தனை நாள் ஒரு குமிழின் திருகலில் பெற்று வந்திருக்கிறார். அந்தக் குமிழை நம்பி மனைவியைச் சந்தேகப்பட்டிருக்கிறார், வீரம்மாவை வாசலில் நிறுத்தியிருக்கிறார். அவர் முகத்தில் அப்போது வந்த நிறம் எந்தத் தொட்டியிலும் வந்ததில்லை.

ரேச்சல் கூட்டத்தைப் பார்த்துப் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"தண்ணிக்குள்ள கரண்ட் வுட்டா ஒரு கம்பியில ஹைட்ரஜன் வருமுங்க. வெடிச்சது அதுதான், உங்க தோஷமில்ல. அதுக்கு நிறமும் கெடையாது, பச்சையாத் தெரிஞ்சது பல்பு. காத்தாலை, சூரிய வெளிச்சத்துக் கரண்டுல செஞ்சா அதப் பசுமைன்னு சொல்லுவாங்க, அவ்வளவுதான். இன்னொரு கம்பி மட்டமான இரும்பா இருந்தா கரையும். கரைஞ்சது துருவா மெதக்கும். நீங்க கும்பிட்டுட்டு நின்னது துரு. கரையாத கம்பி ஒண்ணு செய்யறதுக்கு எங்கள மாதிரி ஆளுக வருசக்கணக்கா மண்டைய ஒடைக்கறோம். எங்க தகடும் ரொம்ப நாள் ஓட்டுனா இன்னும் தேயத்தான் செய்யுது. இவருக்கு அந்தக் கவலையே இல்ல. கரையறதுதான் இவரு பொழப்பு."

தண்டை உருவி, சாவியால் சுரண்டினாள். தங்க நிறம் செதில் செதிலாக உதிர்ந்தது. உள்ளே முறுக்கு வரி போட்ட கட்டடக் கம்பி. தண்ணீரில் இருந்த பகுதி எலி கடித்த மாதிரி தேய்ந்திருந்தது.

ஹார்டுவேர் கணேசன் எட்டிப் பார்த்தார். "இது நம்ம கடைக் கம்பிங்க" என்றார். "வாரா வாரம் துண்டு துண்டா வெட்டி வாங்கிட்டுப் போவாங்க. தங்கப் பெயிண்டும் நம்மகிட்டத்தான்."

"எதுக்குன்னு கேக்கலீங்களா?"

"யாவாரத்துல அதெல்லாம் கேக்கறதில்லீங்க."

"நீங்களும் கால் வெச்சீங்க போலயே?"

கணேசன் கூட்டத்துக்குள் பின்வாங்கினார். தான் விற்ற கம்பியின் துருவைத் தன் பாவம் என்று நம்பி மூன்று தடவை கும்பிட்டவர் என்ன சொல்வார்?

கூட்டம் இப்போது எழுந்து நின்றது. கை தட்டிய அதே கைகள்தான், இப்போது அடிகளின் வெள்ளைக் கோட்டைப் பிடித்தன. "நீங்க வைங்க அடிகளே" என்றாள் கேரட்டுக்காரி. "உங்க காலையும் தொட்டியில வைங்க, எத்தன வருதுன்னு பார்க்கலாம்." நாலைந்து பேர் அவரைத் தூக்காத குறையாக நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தொட்டியில் அழுக்குத் தண்ணீர் அசைந்தது. அடிகள் காலை இழுத்துக் கொண்டார். முதல் தடவையாக அவர் குரலில் பயம் தெரிந்தது. மலையேறிய நாளிலிருந்து அவர் உண்மை பேசியதும் அதுதான் முதல் தடவை.

"வேண்டாங்க. எனக்குக் கால்ல சேத்துப்புண்ணு இருக்கு. புண்ணு இருந்தா அந்தத் தண்ணி ஆகாதுங்க."

கோட்டைப் பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாக விலகின.

தனசிங் ஈரக் காலோடு எழுந்து வந்தார். "என் சம்சாரத்துக்கும் புண்ணுதான இருந்துச்சு" என்றார். "மொத நாளே நான் காட்டுனேன். நீங்க குனிஞ்சு பார்த்தீங்க."

டாக்ஸின், சாத்தான், சித்தர், தியானம், எல்லாச் சொல்லும் அடிகளிடம் கையிருப்பில் இருந்தன. அவர் சமையல்கட்டுக் கதவைத்தான் பார்த்தார். தனசிங் பேட்ஜைப் பிய்த்துத் தொட்டிக்குள் போட்டார். யாரோ போன் போட்டுப் போலீஸ் ஜீப் வந்தபோது அடிகள் சமையல்கட்டு வழியாக நழுவப் பார்த்து, தேயிலை மூட்டைக்காரர்கள் கையில் பிடிபட்டிருந்தார். வெள்ளைக் கோட்டு எங்கேயோ கழன்றிருந்தது. வெறும் பச்சை வேட்டியில் பார்த்தபோது, பஸ் ஸ்டாண்டில் இடம் பிடித்துக் கொடுக்கிற ஆள் மாதிரித்தான் இருந்தார். இவரையா கும்பிட்டோம் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக் கொண்டார்கள். எல்லோரும் அடுத்தவரைத்தான் கேட்டார்கள்.

தனசிங் செருப்பைக்கூடத் தேடவில்லை. மகளோடு குன்னூருக்கு ஓடினார். வார்டில் தபித்தாளின் கட்டில் காலியாக இருந்தது. வெளியே பெஞ்சில் வீரம்மா உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள கொண்டு போயிட்டாங்க" என்றாள். "நீங்க வர நேரமாகும்னு அம்மாவே கையெழுத்துப் போட்டிட்டாங்க. காலு என்னோடதுதானேன்னு சொன்னாங்க."

தனசிங் அவள் முன்னால் நின்றார். "வீரம்மா, அன்னைக்கு நான்" என்று ஆரம்பித்தார்.

"விடுங்க ஐயா. இத்தன வருசம் பார்த்த ஆளக் காட்டியும், ஒரு வாளித் தண்ணி உங்களுக்குப் பெரிசாப் போச்சு." அவள் நகர்ந்து இடம் விட்டாள். அவர் உட்காரவில்லை. நின்றே இருந்தார்.

விரல் போனது. பாதம் தப்பியது. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் அதைச் சொல்லியிருக்க முடியாது என்றார் டாக்டர். தபித்தாள் கண் விழித்தபோது தனசிங் பக்கத்தில் தலை குனிந்து இருந்தார். நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். குமிழைச் சொன்னார், கம்பியைச் சொன்னார், அடிகளின் சேற்றுப்புண்ணையும் சொன்னார். கடைசியில், "என்னால ஒன் வெரலு போச்சு" என்றார்.

அவள் கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை.

"நான் கால மட்டுந்தானுங்க தொட்டியில வெச்சேன்" என்றாள். "ஊரே தலையக் கழட்டி வெளிய செருப்போட வுட்டுட்டு உள்ள வந்துச்சு. இனிமே எந்த வாசலுக்குப் போனாலுஞ் செரி, செருப்ப வேண்ணா வுட்டுட்டுப் போங்க. தலையக் கையோட கொண்டு போங்க."